பள்ளிக்கூடத்து முதலைக்குஞ்சு

பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் விட்டிருந்த மீன்கள் எல்லாம் செத்துப்போய்விட்டன என்று விமலேஸ்வரி குசினிக்குள் மாக் குழைத்தபடி சொன்னாள். முற்றத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்த ஐயாத்துரை "ம்" என்றான்.

"வெயிலுக்குப் பெட்டித் தண்ணி சுட்டுப்போகுது. யோகலிங்கம் மாஸ்ரர் சொல்லுறார், மீன் சரிவராது, ஊர்வனவிலை ஒண்டைத் தெரிஞ்செடுப்பம் எண்டு."

"ஊர்வன எண்டால்?"

"ஓணான், அரணை, ஆமை, அந்த மாதிரி. பராமரிக்கக் கரைச்சல் இல்லாததாய் இருக்கவேணும். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளை அடங்கவும் வேணும்."

"ஓணானை ஆரும் வளர்ப்பினமே?"

"அதைத்தான் நானும் கேட்டனான். அதுக்கு அவர் சொல்லுறார், ஓணானுக்கு எங்கடை தலைமை வாத்தியார் மாதிரித் தலையாட்டத் தெரியும், வித்தியாதரிசி பள்ளிக்கூடம் பார்க்க வாற அண்டைக்கு உதவும் எண்டு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அடுப்பைப் பார்த்துத்தான் சிரித்தாள். பகல் பள்ளிக்கூடத்தில் சிரித்ததின் மிச்சம் அது என்று ஐயாத்துரைக்குப் பட்டது. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கி, பிடியில் ஒரு பள்ளம் விழுந்தது.

முரசுமோட்டையில் குடியேற்றக் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பங்களில் அவர்கள் இருவருடையதும் இருந்தன. அவளுடைய தகப்பனும் இவனுடைய தகப்பனும் மச்சான்மார். காணியும் அடுத்தடுத்த காணி. ஐயாத்துரை ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். காடு வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு கட்டி, தகப்பன் காய்ச்சலில் விழுந்த பிறகு வயல் முழுவதையும் தன் தலையில் எடுத்தவன். விமலேஸ்வரி எஸ்.எஸ்.சி. பாஸ்பண்ணி, கொலனிப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வேலை எடுத்தாள். முறை மச்சாளைக் கட்டியதால் ஊரில் யாருக்கும் அது ஆச்சரியமாக இருக்கவில்லை. அவனுக்கு மட்டும் உள்ளூர இருந்தது. ஊரில் தன்னை ஒத்தவர்களையும் இளையவர்களையும் நீ என்று கதைக்கிறவன், அவளை மட்டும் நீர் என்றான். கலியாணம் முடிந்து நாலாவது வருடம் நடந்தது. பிள்ளை இல்லை. அதைப்பற்றி இருவரும் கதைப்பதில்லை.

யோகலிங்கம் மாஸ்ரர் அந்த வருடம் தைமாதம் வந்தவர். பயிற்சிக் கலாசாலை முடித்த கையோடு வன்னிக்கு அனுப்பப்பட்ட பொடியன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறிய குவாட்டர்சில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். வெள்ளைச் சேட்டும் அதன் சட்டைப்பையில் ஊற்றுப்பேனையும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இயற்கைப் பாடத்துக்கு ஒரு மூலை இருக்கவேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை வந்தபோது, தலைமை வாத்தியார் சிற்றம்பலம் அந்த வேலையை அவரிடமும் விமலேஸ்வரியிடமும் ஒப்படைத்தார். கிளிநொச்சிச் சந்தியில் கடை வைத்திருந்த ஸுஹைர் நானா, பிஸ்கற் போட்டுவைக்கிற பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் சும்மா கொடுத்தார். ஒரு கையை நீட்டினால் முழங்கை வரைக்கும் இருக்கும் நீளம். அவ்வளவுதான் பெட்டி.

அந்தப் பெட்டிதான் அதன் பிறகு ஐயாத்துரையின் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் பேச்சாக இருந்தது.

முதலில் ஓணானைப் பிடித்து விட்டார்கள். அது கண்ணாடியைக் கண்ணாடி என்று அறியாமல் மூக்கை இடித்து இடித்து, கொடுத்த பூச்சியைத் திரும்பியும் பார்க்காமல் கிடந்தது. "மாஸ்ரருக்குப் பாவமாய்ப் போச்சு, கொண்டுபோய் வேலியிலை விட்டிட்டார்" என்றாள். பிறகு அரணை. அது மண்ணுக்குள் புகுந்தால் வெளியே வருவதே இல்லை. பிள்ளைகள் வெறும் மண்ணைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பச்சோந்தி வேண்டாம், அதற்கு மரமும் காற்றும் வேணும் என்று மாஸ்ரர் சொன்னார். ஒவ்வொரு நாளும் உயிருள்ள பூச்சி பிடித்துப் போடவேண்டிய எதுவும் வேண்டாம், சனி ஞாயிறில் ஆர் பிடிப்பது என்று மாஸ்ரர் சொன்னார்.

மாஸ்ரர் சொன்னார். மாஸ்ரர் சொன்னவர். மாஸ்ரர் சொல்லுறார். ஐயாத்துரை பாதிப் புட்டோடு எழும்பிப் போய்க் கை கழுவினான்.

ஒருநாள் காலை அவள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கட்டுகிற சேலை.

"இண்டைக்கு என்ன விசேசம்?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லை. மற்றது தோய்ச்சது காயேல்லை."

அவள் ஒழுங்கையால் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய்க் கொடியில் கிடந்த பருத்திச் சேலையைக் கையால் பொத்திப் பார்த்தான். ஈரமாகத்தான் இருந்தது. ஈரமாக இருந்தது என்பதால் அவனுக்கு நிம்மதி வரவில்லை. வேண்டுமென்று பிந்தித் தோய்த்திருக்கலாம் என்று நினைத்தான். நினைத்த உடனே தன் மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்த நினைவை விட முடியவில்லை.

புரட்டாதி கடைசி. காலபோக விதைப்புக்கு மழை வரவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது. வேலை இல்லாத நாட்களில் மனம் கெட்டுப்போகும். வாய்க்கால் கரையில் மாட்டுக்குப் புல் செருக்கிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப்பேர் வரிசையாக வருவதைக் கண்டான். பின்னால் யோகலிங்கம் மாஸ்ரர். பக்கத்தில் விமலேஸ்வரி. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். மாஸ்ரர் காற்சட்டையை மடித்து இறங்கி எதையோ இரண்டு கையாலும் அள்ளினார். விமலேஸ்வரி சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி குந்தி இருந்து, அவருடைய கைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய தலையும் அவருடைய தலையும் எவ்வளவு தூரம் என்று ஐயாத்துரையால் தூரத்தில் இருந்து மட்டுக்கட்ட முடியவில்லை. ஒரு சாண் இருக்கும். அதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

அவன் அங்கே போகவில்லை. புல்லுக்கட்டையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"ஆமை கிடைச்சிட்டுது" என்றாள் அவள் அன்று பின்னேரம். கைகால் கழுவ முன்னமே சொன்னாள். "கறுப்பு ஆமை, உள்ளங்கையளவுதான். வாய்க்காலுக்கை மாஸ்ரர்தான் கண்டவர். சோறும் தின்னும், கங்குன் கீரையும் தின்னும், செத்த மீனும் தின்னுமாம். கொஞ்சத் தண்ணியும் ஏறிக் காய ஒரு கல்லும் இருந்தால் காணும். இரண்டு நாள் தீன் போடாட்டிலும் சாகாது. உதைவிட லேசான சீவன் கிடையாது."

"ஆமையை வளவுக்குள்ளை விடுறது கூடாதெண்டு ஊரிலை சொல்லுவினம்."

"தலைமை வாத்தியாரும் அப்பிடித்தான் முதல் இழுத்தவர். பேந்து, அது வீட்டுக்குத்தானே, பள்ளிக்கூடத்துக்கு இல்லை எண்டு விட்டிட்டார்."

"வாய்க்காலுக்கை இறங்கினனீரோ?"

"நான் இறங்கேல்லை. கரையிலை இருந்தனான். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

அவள் கைகழுவப் போனாள். ஒன்றும் ஒளிக்காத குரலில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவே அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு உள்ளங்கை ஆமையைப் பிடித்துக் கொடுத்தவன் அவளுடைய வாயில் இவ்வளவு இருக்கிறான். இந்த வீட்டையும் வயலையும் காட்டில் இருந்து பிடுங்கி எடுத்தவனைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது இப்படிச் சொல்லியிருப்பாளா என்று யோசித்துப் பார்த்தான். சொல்லியிருக்க மாட்டாள் என்று தானே முடிவு செய்துகொண்டான்.

அடுத்த நாள் விடிய அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரணைமடுவுக்குப் போனான். பின்கரியரில் ஒரு பனையோலை உமலும் சால்வையும் இருந்தன.

கோடையில் குளம் சுருங்கி, தண்ணீர் விட்டுப்போன அலைகரை சேறும் மணலுமாக நீண்டு கிடந்தது. அந்தப் பருவத்தில் முதலைக்குஞ்சுகள் முட்டை உடைத்து வெளியே வரும் என்று மாடு மேய்க்கிறவர்கள் சொல்லக் கேட்டிருந்தான். எங்கே என்று சரியாகத் தெரியாது. வெயில் ஏறும்வரை நாணலுக்குள் நடந்தான். கடைசியில் சத்தத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தான். தவளைக்கும் கோழிக்குஞ்சுக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம். மஞ்சளில் கறுப்புப் பட்டி போட்ட குஞ்சுகள், சாணைவிடச் சற்று நீளம், தண்ணீர் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சால்வையைப் போட்டு ஒன்றை அமுக்கினான். அது கத்தியது. மற்றவையும் கத்தின.

பத்து முழம் தள்ளித் தண்ணீர் கிளம்பியது. தாய் முதலை கரையேறிய வேகத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. குஞ்சை உமலுக்குள் திணித்துக்கொண்டு ஓடினான். சேறு ஒரு காலைப் பிடித்தது; முழங்கால் கல்லில் அடிபட விழுந்தான். எழும்பி மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தாய் அவனுடைய சால்வையின் மேல் நின்று வாயைப் பிளந்து ஊதிக்கொண்டிருந்தது. காலில் இருந்து இரத்தம் ஓடியது. ஆனால் மனதுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: இப்பிடி ஒண்டை அந்த மாஸ்ரர் பிடிப்பானோ?

பள்ளிக்கூடத்துக்கு அவன் போனபோது இடைவேளை. உமலைத் திறந்து காட்டியதும் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து மொய்த்துவிட்டார்கள். சிற்றம்பலம் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முதலையோ ஐயாத்துரை? இது பெரிய விசயமெல்லோ. வேறை எந்தப் பள்ளிக்கூடத்திலை முதலை இருக்கு? வித்தியாதரிசி மறக்க மாட்டார்."

யோகலிங்கம் மாஸ்ரர் குஞ்சையும் பார்த்தார், ஐயாத்துரையின் முழங்காலையும் பார்த்தார். "அண்ணை, காலைக் கழுவுங்கோ முதல். தண்ணி அள்ளித் தாறன்" என்றார். பிறகு மெல்ல, "வடிவான சீவன்தான். ஆனால் இந்தப் பெட்டிக்கு உது சரிவராது. கெதியிலை வளரும். கடிக்கவும் செய்யும். ஆமை எண்டால் பிள்ளையள் தொட்டுப் பார்க்கலாம்" என்றார்.

"பயமெண்டால் விடுங்கோ மாஸ்ரர்" என்றான் ஐயாத்துரை.

மாஸ்ரர் தலைமை வாத்தியாரைப் பார்த்தார்; அவர் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். ஆமையை எடுத்து ஒரு பழைய சருவச்சட்டிக்குள் விட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் முதலைக்குஞ்சு போனது. மேலே ஒரு பலகையும் கல்லும் வைத்தார்கள். பிள்ளைகளின் சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஐயாத்துரை, விமலேஸ்வரியின் முகத்தைத் தேடினான். அவள் வகுப்பு வாசலில் நின்றாள். அவனுடைய முழங்காலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் மூலிகை அரைத்துக் காலுக்குக் கட்டிவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்காமலே கட்டினாள்.

"பிடிக்கேல்லையோ?" என்று அவன் கேட்டான்.

"தாய் உங்களைப் பிடிச்சிருந்தால்?"

"பிடிக்கேல்லைத்தானே."

"ஏன் போனனீங்கள்? ஆமைதான் இருந்ததே."

"நான் கொண்டந்தால் கூடாது. மாஸ்ரர் கொண்டந்தால் நல்லது."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாளோ இல்லையோ என்று அவனுக்குத் தெரியவில்லை. துணியை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு எழும்பிப் போனாள். அதன் பிறகு அவள் மாஸ்ரருடைய பெயரை வீட்டில் சொல்லவில்லை. பெயர் நின்றுபோனால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை. சொன்ன நாட்களில் என்ன நடந்தது என்றாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை.

முதலைக்குஞ்சு சோறு தின்னாது, கீரை தின்னாது. அதற்கு உயிர்மீனும் தவளையும் வேண்டும். தின்றதைவிட நாறடித்தது அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றவேண்டி இருந்தது. அதற்கு ஒருவர் பலகையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குஞ்சைக் கழுத்தில் பிடித்து வாளிக்குள் விடவேண்டும். ஒருவரால் ஆகாது. பிள்ளைகளைக் கிட்ட விட முடியாது. ஆகவே சனிக்கிழமையும் விமலேஸ்வரி பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"சனிக்கிழமை என்ன பள்ளிக்கூடம்?" என்றான் ஐயாத்துரை.

"உங்கடை முதலைக்குத் தண்ணி மாத்த" என்றாள்.

அவர்கள் இருவரையும் பிரிக்கத்தான் அதைக் கொண்டுவந்து விட்டான். அதுவே அவர்களை விடுமுறை நாளிலும் ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் ஒன்றாக நிற்க வைத்தது. நானும் வாறன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று இருந்தான். கூப்பிடாமல் போனபோது, கூப்பிட விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது சனிக்கிழமை அது நடந்தது. ஐயாத்துரை வண்டிற் சில்லுக்குக் கொழுப்புப் பூசிக்கொண்டிருந்தான். பக்கத்துக் காணித் தவராசா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தான். முகத்தில் ஏதோ சொல்ல வேண்டும் என்ற அந்தரம்.

"ஐயாத்துரை, வீட்டிலை ரீச்சர் இல்லையோ?"

"ஏன்?"

"இல்லை, அவா அந்த மாஸ்ரரின்ரை சைக்கிள் பாரிலை இருந்து பரந்தன் பக்கம் போறதைக் கண்டனான். நல்ல வேகமாய்ப் போச்சினம். நான் கூப்பிட்டும் நிக்கேல்லை. அதுதான் கேட்டனான்."

சைக்கிளின் முன் பார்க் கம்பி. பெண்சாதியைப் புருசன் இருத்தி ஓட்டுகிற இடம். ஐயாத்துரை கொழுப்புக் கையோடு சைக்கிளை எடுத்தான். தவராசா பின்னால் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேட்டான். "ஓம், கிளிநொச்சிப் பக்கம்தான் போச்சினம்" என்றார் அவர். அந்த வெயிலில், அந்தத் தார் றோட்டில், எத்தனையோ விதமாக யோசித்துவிட்டான். றெயில் ஏறப் போகிறார்கள் என்றுகூட யோசித்தான். கத்தரிப்பூச் சேலையா கட்டிக்கொண்டு போனாள்? காலையில் பார்க்காமல் விட்டோமே என்று இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மரத்தின் கீழே யோகலிங்கத்தின் சைக்கிள் நின்றது. பக்கத்தில் அவர் நின்றார். ஆஸ்பத்திரி என்பது ஐயாத்துரையின் புத்தியில் ஏறவே இல்லை. தன் சைக்கிளை அப்படியே விழ விட்டான். மாஸ்ரருடைய சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து மரத்தோடு அழுத்தினான்.

"எங்கையடா கொண்டுபோறாய் அவளை?"

மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்ரர் கையைத் தூக்கவில்லை.

"அண்ணை, உள்ளை ரீச்சருக்கு மருந்து கட்டுகினம். முதலை கடிச்சுப்போட்டுது."

அப்போதுதான் ஐயாத்துரை கண்டான். அந்த வெள்ளைச் சேட்டில் கொழுப்புக் கறை மட்டும் இல்லை. தோளிலும் கையிலும் இரத்தம் காய்ந்திருந்தது. சட்டைப்பை முழுவதும் நீல மை ஊறியிருந்தது. பேனை இல்லை.

"பெருவிரல் அடியிலை கவ்விக்கொண்டு விடேல்லை" என்றார் மாஸ்ரர், மூச்சு வாங்கியபடி. "பேனையை வாய்க்குள்ளை விட்டு நெம்பித்தான் எடுத்தனான். பல்லு ஒண்டு உள்ளை முறிஞ்சு நிண்டுட்டுது. மயங்கிற மாதிரிப் போனா. பின்கரியரிலை இருத்தினால் விழுந்திடுவா எண்டுதான் முன்னுக்கு இருத்தினனான். உங்களுக்கு ஆளனுப்ப நேரம் இருக்கேல்லை."

ஐயாத்துரையின் கை தானாக விட்டது.

விமலேஸ்வரி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் துணி. கட்டியிருந்தது பழைய பருத்திச் சேலை. கரை முழுவதும் சேற்றுத் தண்ணீரும் இரத்தமும். முகம் வெளிறி இருந்தது. படியால் இறங்கி வந்து, மாஸ்ரரிடம், "நீங்கள் போங்கோ மாஸ்ரர். நான் இவரோடை வாறன்" என்றாள். மாஸ்ரர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, ஒருவரையும் பார்க்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

திரும்பும்போது அவள் அவனுடைய பாரில் இருந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். றோட்டில் குழி வந்தால் அவளுடைய தோள் நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது.

"நோகுதோ?"

"நோகுது."

கொஞ்சத் தூரம் போனபிறகு அவளே தொடங்கினாள்.

"உங்களுக்கு எவ்வளவு நாளாய் இந்த நினைப்பு?"

அவன் சைக்கிளை மிதித்தான்.

"ஒவ்வொரு நாளும் வந்து ஒண்டும் விடாமல் உங்களிட்டைத்தானே சொன்னனான். அவர் என்ன சொன்னவர், நான் என்ன சொன்னனான், ஓணான் என்ன செய்தது, எல்லாம். ஒளிக்கிற ஆள் அப்பிடி வந்து சொல்லுமே?"

"நீர் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீர்."

"சிரிப்பு வந்தது, சிரிச்சனான். உங்களுக்கும் சிரிப்பு வருமெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். நீங்கள் ம் எண்டுபோட்டு மண்வெட்டியைச் செதுக்கினீங்கள்."

எதிரே லொறி ஒன்று வந்தது; ஓரத்தில் இறங்கி நின்றான். தூசி அடங்கும்வரை அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். மூடியபடியே கேட்டாள்.

"அந்தச் சனத்துக்கு முன்னாலை அவரை அப்பிடிப் பிடிச்சியள். இனி நான் என்னெண்டு பள்ளிக்கூடத்துக்குப் போறது?"

சைக்கிளில் ஏறி மிதிக்க மனம் வராமல், அவளை இருத்தியபடி வீடுவரைக்கும் உருட்டிக்கொண்டே நடந்தான்.

ஞாயிறு காலை குவாட்டர்ஸ் வாசலில் போய் நின்றான். யோகலிங்கம் மாஸ்ரர் சேட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். மை போகவில்லை.

"நான் செய்தது பிழை மாஸ்ரர்."

"ஓம் அண்ணை" என்றார் அவர். அதைத் தவிர்க்காமல் ஒத்துக்கொண்டார். "முதலையைத் திருப்பி விடவேணும். தனியப் போகாதையுங்கோ, நானும் வாறன்."

ஒரு வாளிக்குள் குஞ்சைப் போட்டு, சாக்கால் மூடி, இருவரும் இரணைமடுவுக்குப் போனார்கள். ஐயாத்துரை காட்டிய நாணல் பக்கத்தில், மேட்டில் இருந்தே வாளியைச் சரித்தார்கள். குஞ்சு கொஞ்ச நேரம் மணலில் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே ஓட்டமாகத் தண்ணீருக்குள் போனது. தாய் வரவில்லை. அந்த அளவுக் குஞ்சு தனியாகத் தப்புமோ என்று யோசிப்பவர்போல யோகலிங்கம் மாஸ்ரர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐயாத்துரைக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாஸ்ரர், நான் நினைச்சதிலை ஒண்டும் இல்லைத்தானே?"

மாஸ்ரர் வாளியைக் கழுவினார்.

"நான் அதுக்கு மறுமொழி சொல்ல மாட்டன் அண்ணை. ரீச்சர் சொல்லியிருப்பா. அவாவின்ரை சொல்லு போதாதெண்டால் என்ரை சொல்லும் காணாது."

அந்த மறுமொழியை ஐயாத்துரை நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதில் மரியாதை இருந்தது. அவன் கேட்க வந்த சொல் மட்டும் அதில் இல்லை.

ஆமை கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பியது. கல்லில் ஏறிக் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது. கங்குன் போட்டால் வந்து தின்றது. விமலேஸ்வரியின் கை ஆறும்வரை ஐயாத்துரை விடியுமுன்னே போய்த் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தான். வித்தியாதரிசி வந்தபோது பெட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்தார், "ஆமையோ" என்றார், பிறகு நாலாம் வகுப்பில் கணக்குக் கேட்கப் போய்விட்டார்.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கண்டவர்கள் கண்டதை விடவில்லை. தவராசாவும் தான் கண்டதைப் பலரிடம் சொல்லியிருந்தான். கதை சந்தைக்கும் போனது, கோயிலுக்கும் போனது. ஐயாத்துரை தேத்தண்ணிக் கடையில் நின்று, பிழை என்னுடையது என்று சொல்லிப் பார்த்தான். அவன் சொல்லச் சொல்ல, மூடி மறைக்கிறான் என்றே சனம் எடுத்துக்கொண்டது. கார்த்திகையில் யோகலிங்கம் மாஸ்ரர் மாற்றம் கேட்டு எழுதினார். செட்டிகுளத்துக்குக் கிடைத்தது.

அவர் போகிற அன்று மழை விட்டிருந்தது. விதைத்த வயல் முளை பிடித்து, தண்ணீர் கட்டியிருந்தது. ஐயாத்துரை வரம்பு வெட்டிக்கொண்டிருந்தபோது விமலேஸ்வரி குடையோடு வந்து நின்றாள். கத்தரிப்பூச் சேலை கட்டியிருந்தாள். பெருவிரல் அடியில் தழும்பு சிவப்பாகத் தெரிந்தது.

"மாஸ்ரர் பத்து மணி பஸ்சுக்குப் போறார். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு சந்திக்குப் போறன். நீங்களும் வாறியளோ?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான். தான் போய் நின்றால் அவர்கள் இருவரும் சொல்ல நினைத்ததைச் சொல்ல மாட்டார்கள். அவள் மாஸ்ரரிடம் என்ன சொல்லுவாள் என்று கேட்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

"வரேல்லை. நீர் போய் வாரும். நான் சுகம் கேட்டதாய்ச் சொல்லும்."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, வரம்பு வழுக்காமல் கால் பார்த்துப் பார்த்து நடந்தாள். வாய்க்கால் பாலத்தடியில் பிள்ளைகள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஐயாத்துரை குனிந்து வரம்பில் மண்ணை அள்ளிப் போட்டான். பஸ் வரும் சத்தம் கேட்டது, நின்ற சத்தம் கேட்டது. வழமையாக நிற்கிறதைவிட அதிக நேரம் நின்றதுபோல இருந்தது. தலையை நிமிர்த்தினால் வயலுக்கு அந்தப் பக்கம் சந்தி தெரியும். அவன் நிமிரவில்லை. அது லேசான வேலையாக இருக்கவில்லை. பஸ் புறப்பட்டுச் சத்தம் ஓயும்வரை ஒரே இடத்திலேயே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் வரம்பு மற்ற இடங்களைவிட உயர்ந்துபோனது.